யாரும் பெறாத முகமும் உங்கள் ஊதாக் கிளியும்

மதினி,

இன்று காலை சம்மதப் படிவக் கட்டு ஒன்றை எடுக்க ஆஸ்பத்திரி இரும்பு அலமாரியைத் திறந்தேன். திறந்ததுமே பச்சை ஏலக்காய் வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. மேல் தட்டில் மடித்து வைத்திருக்கும் உங்கள் ஏலக்காய்ச் சாக்குதான். உங்கள் மகள் இரண்டு தடவை துவைத்துத்தான் கொடுத்தாள், அப்படியும் வாசம் போகவில்லை. பக்கத்து மேசை லேப் டெக்னீஷியன், "யாருங்க ஆஸ்பத்திரியில பாயசம் வைக்கிறது?" என்று கேட்டார். "எங்க மதினி வந்திருக்காக" என்றேன். அவர் வேலைக்குப் புதுசு. எழுந்து நின்று வாசலைப் பார்த்தார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு சாக்கை விரித்தேன். நடுவில் உங்கள் ஊதாக் கிளி. அதைக் கிளி என்று சொன்னவர் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். கிழிந்த குடைத்துணியில் ஊதாதான் மிச்சம் இருந்தது என்று அதில் கிளி வெட்டினீர்கள். வாலை மேலே தூக்கிவைத்து, அதற்கு மட்டும் பச்சை நூலால் ஓரம் தைத்தீர்கள். காம்போடு கூடிய கத்திரிக்காய் ஒன்று தயாரானது. தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் எல்லாரும் கத்திரிக்காய் என்றே சொன்னார்கள். நீங்களோ கடைசிவரை, "கண்ணு தெரியாத சனங்க" என்று சொல்லிக்கொண்டு அதைக் கிளி என்றே வளர்த்தீர்கள்.

நம்முடைய முதல் சந்திப்பு சண்டையில்தான் ஆரம்பித்தது. போடி ஜீப்பு நிற்கிற இடத்தில், விடியற்காலை, ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களிடம் இருமல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு திரிந்தேன். காசநோய்க்காரர்களைத் தேடிப் பிடித்து மாத்திரை கொடுப்பதுதான் எங்கள் ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்த வேலை. மலைக்குப் போகிற பெண்களை வேறு எந்த நேரத்தில் பிடிக்க முடியும்? நீங்கள் சாக்கில் வாயைப் பொத்திக்கொண்டு இருமினீர்கள். எத்தனை நாளாக என்று கேட்டேன். "ஏலக்கா வெட்டுனதுல இருந்து" என்றீர்கள். அது எத்தனை நாள் என்று மறுபடி கேட்டேன். "ஏத்தா, போலீசா நீயி? சோலிக்குப் போற நேரத்துல" என்று விரட்டினீர்கள். நான் விடவில்லை, சளி டப்பாவை உங்கள் தூக்குவாளிக்குள்ளேயே போட்டுவிட்டேன். மறுநாள் அதைத் திருப்பிக் கொடுத்தபோது, "தயிர்சாதத்துக்கு மேல வச்சிட்டியே பாவி" என்று திட்டினீர்கள். டப்பாவில் சளி இருந்தது. சளியில் காசநோய் இருந்தது.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நீங்கள் வைத்த ஒரே நிபந்தனை இன்றைக்கும் காதில் கேட்கிறது. "மாத்திரை ஆறு மாசமில்ல, அறுபது மாசம் வேணும்னாலும் திங்கிறேன் தாயி. ஆனா ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. ராசிங்காபுரத்துல இருந்து மகளைப் பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காக. ஆத்தாக்காரிக்குக் காசம்னு தெரிஞ்சா அந்தப் பக்கம் பஸ்சுகூட வராது."

வீட்டில் மகளையும் உங்கள் தம்பியையும் பரிசோதித்தோம், அது சுலபம். ஜீப்பில் ஒட்டி உட்காருகிற பன்னிரண்டு பேரை என்ன செய்வது? உங்கள் பெயரைச் சொல்லாமல், தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு இலவச முகாம் என்று அறிவித்து ஜீப்பையே ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்து நிறுத்தினோம். நீங்களும் ஒன்றும் தெரியாதவர்போல வரிசையில் நின்று, எனக்குப் பின்னாலிருந்து, "இன்னும் எம்புட்டு நேரம் நிக்கணும் சிஸ்டரம்மா?" என்று கேட்டீர்களே, அந்த நடிப்புக்கு உங்களுக்கு மாலையே போடலாம். நல்ல காலம், மற்றவர்கள் யாருக்கும் ஒன்றுமில்லை.

இரண்டாம் மாதம் மூன்று நாள் உங்களைக் காணவில்லை. காய் வெட்டுகிற அறுவடை மும்முரம், நாலு மணிக்கே ஜீப்பு கிளம்புகிறது என்று பிறகுதான் தெரிந்தது. மாத்திரை நின்றுபோய்விடுமே என்று பதறி நானே மலைக்கு ஏறி வந்தேன். போடிமெட்டு தாண்டி, கேரளப் பக்கம், மழையில் வழுக்குகிற சரிவில், எஸ்டேட்டு சூப்பர்வைசரிடம் சத்துணவுக் கணக்கெடுப்பு என்று ஒரு பொய்யைச் சொல்லி உள்ளே போனேன். "சேச்சி, அட்டை கடிக்கும், பாத்துப் போகணும்" என்று அனுப்பினார். அங்கே போய்ப் பார்த்தால் ஒரு முகமும் தெரியவில்லை. ஏலச்செடி ஆளைவிட உயரம், காயோ தரையோடு தரையாகச் சரம் விட்டிருக்கிறது. எல்லாரும் அடியில் குத்தவைத்துக் குனிந்திருக்கிறீர்கள். வரிசை வரிசையாக முதுகுகள்தான், எல்லா முதுகிலும் ஆம்பிளைச் சட்டை. மதினி, மதினி என்று கத்தினால் நாலு திசையிலிருந்து நாலு மதினிகள் குரல் கொடுத்தார்கள்.

அட்டை கடித்த காலோடு அரை மணி நேரம் அலைந்து உங்களைக் கண்டுபிடித்தபோது நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இங்கன வந்து மூஞ்சியைத் தேடுனா பொழுதுதான் போகும். மூஞ்சியை விடு தாயி, சாக்கைப் பாரு" என்றீர்கள்.

அப்போதுதான் விளக்கினீர்கள். எடை போடுகிற இடத்தில் எல்லாச் சாக்கும் ஒன்றுபோல இருக்கும், மாறிப்போகும். அதனால் ஆளுக்கொரு அடையாளம் தைத்துக்கொள்கிறீர்கள். ஜீப்பில் உங்களை ஒட்டி உட்காருகிற பேச்சிக்குச் சட்டைப் பை, சிலமலைக்காரிக்கு மூன்று சிவப்புப் பொத்தான், உங்களுக்குக் கிளி. செடிக்கு அடியில் தெரிகிற சாக்கை வைத்துத்தான் யார் எந்த வரிசையில் இருக்கிறார்கள் என்று பேசிக்கொள்வீர்களாம். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. தலையை ஆட்டினேன், மாத்திரையைக் கொடுத்தேன், அட்டைக்கு உப்பு வாங்கித் தேய்த்துக்கொண்டு இறங்கிவிட்டேன். சொன்னதைக் காதில் வாங்கினேனே தவிர, மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை.

அந்த மூன்று நாளைத் தவிர ஆறு மாதமும் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டீர்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்படாதீர்கள் என்று நான் முன்னாலேயே சொல்ல மறந்துபோய், நீங்கள் செத்துப்போகப் போகிறோம் என்று நினைத்து மகளிடம் தோட்டை எங்கே வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தீர்களே, அதற்காக இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கடைசிப் பரிசோதனையில் சளி சுத்தம் என்று வந்தபோது நீங்கள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "அப்ப நாளைக்கு விடியக்காலம் உன் மொகத்துல முழிக்க வேண்டியதில்லை" என்றீர்கள். ஆனாலும் மறுநாளும் ஜீப்பு நிற்கிற இடத்தில் எனக்கு ஒரு டீ வாங்கி வைத்திருந்தீர்கள்.

அந்த டீயைக் குடித்துக்கொண்டுதான் நான் கேட்டேன். மலைக்குப் போகிற பெண்கள் யாரும் என் பேச்சை நம்புவதில்லை, மாத்திரையைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள், நோயிலிருந்து மீண்ட ஒருத்தியே பேசினால் கேட்பார்கள், நீங்கள் ஒரு வீடியோவில் பேசுவீர்களா என்று. டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். இரண்டு நாள் கழித்து நீங்களே வந்து, "மூஞ்சி தெரியாம எடுக்கலாமா?" என்று கேட்டீர்கள்.

முகத்தை மங்கலாக்கி எடுத்த பழைய வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினேன். பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினீர்கள். "டிவியில களவாணியத்தான் இப்பிடிக் காட்டுவான். நான் என்னத்தத் திருடுனேன்?" நீங்கள் சொன்னது நியாயம். ஒரு பெண் தைரியமாக மாத்திரை சாப்பிட்டு எழுந்து வந்த கதையைச் சொல்கிறாள், முகம் இருக்கிற இடத்தில் புகை போல ஒரு கறை. பார்க்கிறவர்களுக்கு நோய் என்றால் ஒளிந்துகொள்ள வேண்டிய குற்றம் என்றுதான் தோன்றும். அவள் எப்போது சிரித்தாள், எப்போது தொண்டை அடைத்தது, ஒன்றும் தெரியாது.

அப்போதுதான் எங்கள் டாக்டர் டீப்ஃபேக் பற்றிப் பேச்செடுத்தார். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. பெண்பிள்ளைகளின் படத்தை எடுத்து அசிங்கம் பண்ணுகிற கள்ளத்தனம் என்றுதான் பேப்பரில் படித்திருந்தேன். வேண்டவே வேண்டாம் என்று சண்டை போட்டேன். அதே வித்தையை ஒருவரின் ஒப்புதலோடு அவரை மறைக்கவும் வைத்துக்கொள்ளலாம், உங்கள் அசைவும் சிரிப்பும் அப்படியே இருக்க வேறொரு முகத்தை மேலே பொருத்தலாம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். கத்தி கழுத்தை அறுக்கவும் செய்யும், ஆபரேஷனும் செய்யும் என்றும் சொன்னார். டாக்டர்கள் எதற்கெடுத்தாலும் ஆபரேஷனுக்குத்தான் போவார்கள். ஆனாலும் கேட்டுக்கொண்டேன்.

மதுரையிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார், நரைத்த தாடிக்காரர். முதலில் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஜீப்பில் ஏறி, கொண்டை ஊசி வளைவில் மூன்று தடவை வாந்தி எடுத்தார். யாரோ சுற்றிப் பார்க்க வந்தவர் என்று நினைத்து, உங்கள் மடியிலிருந்து ஏலக்காய் எடுத்து, "மெல்லுங்கண்ணே, நிக்கும்" என்று கொடுத்தீர்கள். மறுவாரம் ஆஸ்பத்திரி அறையில் அவரைக் கேமராவுக்குப் பின்னால் பார்த்ததும், "வாந்தியண்ணனா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டீர்கள். அதற்கப்புறம் அவருக்கும் உங்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

சம்மதப் படிவத்தை உங்களுக்கு நான் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம். வீடியோவில் முகமும் குரலும் மாற்றப்பட்டவை என்று எழுத்தில் காட்டுவோம். மாற்றி முடித்ததும் அசல் பதிவை அழித்துவிடுவோம், யாரும் முகமூடியைக் கழற்றிப் பார்க்க முடியாது. இரண்டாவதைத்தான் நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். "பொய்மூஞ்சினு நீயே எழுதிப்புட்டா எவ நம்புவா?" எழுதாவிட்டால்தான் அது பொய் என்று நான் சொன்னேன். அரைமனதாகத் தலையசைத்தீர்கள். பிறகு நடந்தது வேறு. பார்த்த பெண்கள் எல்லாரும் அந்த வரியைப் படித்தோ படிக்கச் சொல்லிக் கேட்டோ, "மறைச்சுக்கிட்டுச் சொல்றாள்னா நெசத்தத்தான் சொல்றா" என்று நம்பினார்கள்.

பதிவு அன்று நேராக ஜீப்பிலிருந்து இறங்கி வந்தீர்கள். மகளுடைய மாம்பழக் கலர்ப் புடவையைச் சாக்குக்குள் சுருட்டி எடுத்து வந்திருந்தீர்கள். குளியலறையில் போய் மாற்றிக்கொண்டு, வேலைச் சட்டையைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தீர்கள். "மடியில ஏதாச்சும் வச்சுக்கங்கம்மா, இயல்பா இருக்கும்" என்றார் பொறியாளர். காலடியில் கிடந்த சாக்கை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். அதன்மேல் கையை வைத்ததும் பேச்சு தானாக வந்தது. டப்பாவும் தயிர்சாதமும், ஆரஞ்சுத் தண்ணியும் தோடும், எல்லாவற்றையும் சொன்னீர்கள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான், பொறியாளர், டாக்டர். மூன்று பேரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கம்ப்யூட்டர் போட்டுக்கொடுத்த முதல் முகத்தை நீங்கள் ஒரே பார்வையில் தள்ளிவிட்டீர்கள். "இவ மேல வெயிலே படலையே. இவளா ஏலக்கா வெட்டுனா?" நிறத்தை மாற்றினார்கள். கண்ணுக்குக் கீழே அலுப்பு வைத்தார்கள். மூக்குத்தி கேட்டீர்கள், அதையும் வைத்தார்கள். கடைசியில் திரையில் ஒரு பெண் உங்களைப் போலவே வாயை இடது பக்கம் கோணிச் சிரித்தாள், ஆனால் அவள் நீங்கள் இல்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். அப்புறம் கேட்டீர்கள், "இவ யாரு பெத்த பிள்ளை?"

"யாரும் பெக்கலைம்மா. கம்ப்யூட்டர் உண்டாக்குனது" என்றார் பொறியாளர்.

"நெசமாத்தானா? எங்கிட்டாவது இவ சாயல்ல ஒரு பிள்ளை இருந்து, எனக்கு வந்த சீக்கை அவ தலையில கட்டிறக் கூடாது. அவளுக்கும் ஒரு எடத்துல பேச்சு நடந்துக்கிட்டிருக்கும்ல?"

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், மறைந்துகொள்கிறவர் மாற்று முகத்துக்காகக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை என்றார். அதற்காகவே இன்னும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, அந்த முகம் யாருடைய படத்தோடாவது ஒத்துப்போகிறதா என்று தன்னால் முடிந்த மட்டும் தேடிப் பார்த்துவிட்டு வந்தார். அதன் பிறகு நீங்கள் அந்த முகத்துக்குத் தங்கச்சி என்று உறவு வைத்துவிட்டீர்கள். அசல் பதிவை உங்கள் கண்முன்னாலேயே அழித்தோம். "போச்சா?" என்றீர்கள். "போச்சு." "குப்பைத்தொட்டியில கெடக்குமாமே, மக சொன்னா?" அதையும் திறந்து காலி செய்து காட்டினார் வாந்தியண்ணன்.

வீடியோ வெளியே போன நாலாவது நாள். நான் ஜீப்பு நிற்கிற இடத்தில் இருந்தேன். நீங்கள் உங்கள் வழக்கமான இடத்தில், பேச்சியை ஒட்டி உட்கார்ந்திருந்தீர்கள். முன் சீட்டில் இருந்த டிரைவர் அண்ணன், "இதைப் பாருங்கத்தா, நம்ம மாதிரி தோட்டத்துப் பொம்பளை என்னமாப் பேசுது" என்று போனைப் பின்னால் நீட்டினார். பன்னிரண்டு தலைகள் குனிந்தன. திரையில் தங்கச்சி பேசினாள். ஒருத்தி, "யாரு புள்ள இது, குமுளிப் பக்கமா?" என்றாள். உங்கள் முகத்தில் ஒரு சலனம் இல்லை. என் முகத்தில்தான் பெருமை தாங்கவில்லை. எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று டீக்கடைப் பக்கம் திரும்பினேன்.

"ஏய்! இது மதினி கத்திரிக்கால்ல!"

பேச்சியின் குரல். திரும்பிப் பார்த்தேன். பேச்சியின் விரல் திரையில், தங்கச்சியின் மடியில் இருந்தது. பிறகு பன்னிரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் போனிலிருந்து நிமிர்ந்து உங்கள் மடியைப் பார்த்தன. அங்கே அதே சாக்கு, அதே ஊதாக் கிளி.

ஐயோ மதினி. நீங்கள் எனக்குச் சொல்லியிருந்தீர்கள். அட்டைக்கடியோடு நின்றவளிடம் வாயால் சொல்லியிருந்தீர்கள், மூஞ்சியை விடு, சாக்கைப் பாரு என்று. நானோ மதுரையிலிருந்து ஆள் வரவழைத்து மூஞ்சியை மாற்றிவிட்டுச் சாக்கை மடியில் வைத்துப் படம் பிடித்திருக்கிறேன்.

டிரைவர் அண்ணன் வண்டியை அணைத்துவிட்டார். நீங்கள் ஒரு தடவை போனைப் பார்த்தீர்கள், ஒரு தடவை சாக்கைப் பார்த்தீர்கள். அப்புறம், "அது கத்திரிக்கா இல்லை, கிளி" என்றீர்கள்.

யாரும் சிரிக்கவில்லை. பேச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "எம்மேல சாஞ்சுதான தூங்கிட்டு வருவ? எங்கிட்டச் சொல்லலைல்ல?" என்றாள். நான் ஓடி வந்து, மாத்திரை ஆரம்பித்துச் சில வாரத்தில் பரவுவது நின்றுவிடும், உங்கள் எல்லாரையும் முகாமில் பார்த்தாயிற்று என்று மூச்சுவிடாமல் சொன்னேன். பேச்சி என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவளுக்கு நோய் பயம் இல்லை, நீங்கள் சொல்லவில்லை என்ற கோபம்தான். "மகளுக்கு ஒரு நல்லது நடக்கட்டும்னு பொத்தி வச்சேன்டி" என்றீர்கள். பேச்சி மூக்கை உறிஞ்சிவிட்டு, "தள்ளி உக்காராத, குளுருது" என்றாள். ஜீப்பு கிளம்பியது.

அன்று சாயங்காலம் நான் உங்கள் வீட்டுக்கு ஓடி வந்தேன், ஒரு சொல் சொன்னால் வீடியோவை நீக்கிவிடுகிறோம் என்று சொல்ல. வீடு பூட்டியிருந்தது. நீங்கள் ஜீப்பிலிருந்து இறங்கிய கையோடு ராசிங்காபுரம் பஸ்சைப் பிடித்திருந்தீர்கள். ஊர் வாய் போய்ச் சேருவதற்குள் நாமே வெரசாப் போய்ச் சொல்லிவிடுவோம் என்று. அங்கே நடந்ததை நீங்கள் எனக்கு எத்தனை தடவை நடித்துக் காட்டியிருப்பீர்கள்! சம்பந்தியம்மாவிடம் போனைக் கொடுத்து, "இது நான்தான்" என்கிறீர்கள். அந்தம்மா பார்த்துவிட்டு, "இது நீங்க இல்லையே" என்கிறார். நான்தான் என்கிறீர்கள். "உங்களுக்கு மூக்குத்தியே இல்லையே சம்பந்தி" என்கிறார். உங்களுக்குக் காசநோய் வந்தது என்று நிரூபிக்க நீங்கள் அரை மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது. கடைசியில் பையிலிருந்து சாக்கை எடுத்து, மடியில் வைத்து, வாயை இடது பக்கம் கோணிச் சிரித்துக் காட்டிய பிறகுதான் நம்பினாராம்.

நம்பிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். எட்டு நாள் பதில் இல்லை. அந்த எட்டு நாளும் ஜீப்பு நிற்கிற இடத்தில் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். நீங்கள்தான் என்னைத் தேற்றினீர்கள், அது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. ஒன்பதாம் நாள் சம்பந்தியம்மா எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து நின்றார், கூடவே தன் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு. "இவரும் ஒரு மாசமா இருமுறாரு. சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு. சம்பந்தியே தைரியமாப் பேசுதுல்ல, இவருக்கு என்ன?" சளியைப் பரிசோதித்தோம், வெறும் பீடி இருமல். அந்த மனிதருக்கு அன்றோடு பீடி போயிற்று, உங்கள் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. பந்தியில் கத்திரிக்காய்க் கூட்டு வைத்துவிட்டுப் பேச்சி உங்களைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

வீடியோவை நீக்கிவிடலாமா, இல்லை சாக்கை மட்டும் வெட்டிவிடலாமா என்று கேட்டதற்கு, இரண்டும் வேண்டாம் என்றீர்கள். "மலையில இருக்கவளுக்குச் சாக்கு தெரியட்டும், நம்ம ஆளுதான்னு நம்புவா. மத்தவகளுக்குத் தங்கச்சி போதும்." கல்யாணம் முடிந்ததும், "இனி யாருட்ட வேணும்னாலும் சொல்லிக்க தாயி" என்றும் சொல்லிவிட்டீர்கள். அந்த ஒப்புதலில்தான் இதை எழுதுகிறேன். அந்த மழைக்காலம் முழுக்க, எனக்கு முகம் தெரியாத பெண்கள் ஆஸ்பத்திரிப் படியேறி, "கத்திரிக்காச் சாக்குக்காரம்மா சொன்ன டெஸ்ட்டு எங்க எடுப்பாக?" என்று கேட்டார்கள். உங்களிடம் வந்து சொன்னால், "கிளினு சொல்லியனுப்பு" என்பீர்கள்.

போன ஐப்பசியில் நெஞ்சுவலி வந்து, ஒரு பகலில் எல்லாம் முடிந்துபோனது. காசநோயை ஆறு மாதம் ஆட்டிவைத்த உங்களை இது இப்படி அவசரமாகக் கொண்டுபோய்விட்டதே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. காரியம் முடிந்து மகள் சாக்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். "அம்மா மொகத்தோட எடுத்தது ஏதும் இருக்காக்கா?" இல்லை என்று தலையாட்டினேன். அவளே, "அதான் குப்பைத்தொட்டி வரைக்கும் பாத்துட்டு வந்துச்சே" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். போன மாதம் பஸ்சில் வரும்போது உங்கள் முகத்தை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. தங்கச்சி முகம்தான் வந்தது. அந்த வீடியோவை ஊர் ஊராக எத்தனை தடவை போட்டிருக்கிறேன், அந்த முகமே மனதில் படிந்துவிட்டது. உங்களைக் காப்பாற்ற வைத்த முகம் உங்களையே மூடிவிட்டதோ என்று திடுக்கிட்டுப்போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலை சாக்கை மடியில் விரித்து, கிளியின் மேல் கையை வைத்தேன். முதலில் உங்கள் கை வந்தது, ஏலக்காய்க் கறை படிந்து கறுத்த விரல்களோடு. பிறகு முழங்கை வரை மடித்த சட்டை. பிறகு இடது பக்கம் கோணிய அந்தச் சிரிப்பு. அதற்குப் பின்னாலேயே, மூக்குத்தி இல்லாத உங்கள் முகம் முழுசாக வந்து நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். லேப் டெக்னீஷியன் தும்மல் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார்.

எங்கள் சம்மதப் படிவத்தில் இப்போது முதல் கேள்வி நான் சேர்த்தது. உங்களை உங்கள் மக்கள் எதை வைத்து அடையாளம் காண்பார்கள்? பெயருக்கும் வயதுக்கும் முன்னால் அதைத்தான் கேட்கிறேன். சிலர் நடை என்கிறார்கள், ஒருவர் தன் செருமல் என்றார். அதையெல்லாம் மறைத்துவிட்டுத்தான் முகத்துக்குப் போகிறோம்.

இன்றைக்கும் ஒருவர் வந்தார். மலைக்காரர்தான், மாத்திரை முடித்தவர், உங்களை நன்றாகத் தெரிந்தவர். "மூஞ்சியை மாத்துனா என்னை யாருக்கும் தெரியாதுல்ல?" என்று கேட்டார். "மூஞ்சியை விடுங்கண்ணே" என்று சொல்லி உங்கள் சாக்கைக் காட்டினேன். கிளியின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு எந்நேரமும் தன்னோடு வைத்திருக்கிற ஒன்றை மெதுவாகக் கழற்றி, உங்கள் கிளியின் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேமராவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

அது என்னவென்று எழுத மாட்டேன் மதினி. எழுதினால் அவர் யாரென்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.